டேப்பம்மாவுக்கு ஒரு கேடயம்

ஒரே வரைபடத்தை ஒரே நாளில் இரண்டு முறை பார்த்தேன். காலையில் அது நான் குடியிருக்கும் வீட்டின் கதவில் ஒட்டியிருந்தது. மதியம் என் மேசைமேல் வந்து விழுந்தது. கதவில் இருந்தது, முப்பது நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். மேசைக்கு வந்தது, நான் தட்டச்சு செய்து தர வேண்டிய பாராட்டுரை. ஆற்றோரத் தெருவின் நாற்பத்திரண்டு வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வெள்ளம் ஏறிய உயரத்தைச் சொல்லும் ஓர் எண், எல்லாவற்றையும் வளைத்து ஒரு கோடு. பாராட்டுரையோடு வந்த படத்தில் கோடு நீலம். நோட்டீஸ்காரர்கள் அதைச் சிவப்பாக்கியிருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். ஆறு வருடமாகப் பதினேழாம் நம்பர் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே இருப்பவர்கள் இஸ்திரி அக்காவும் அவள் கணவரும். கணவரைத் தெரு முழுக்கப் 'பாய்லர்' என்றுதான் கூப்பிடும். துணி அவிக்கும் கொதிகலனைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஆள் கொதித்து யாரும் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் துணி வெளுப்பது இந்தத் தெருதான். ஆஸ்பத்திரி விரிப்பும் லாட்ஜ் தலையணை உறையும் மூட்டை மூட்டையாக வரும். பின்கட்டில் சலவைச் சோடா போட்டு அவித்து, ஆற்றுப் படியில் அலசி, கரைமேட்டில் கயிறு கட்டிக் காயவைத்து, முன்னறையில் தேய்த்து மடித்து அனுப்புவார்கள். படியும் மேடும் இல்லாவிட்டால் இவர்களுக்குத் தொழில் இல்லை. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், ஒரு நாள் காலையில் வந்து நின்றால் போதும்.

நோட்டீஸ் ஒட்டிய சமயம் நாலைந்து நாளாக வானம் மூடிக் கிடந்தது. துணி காயவில்லை. அரை ஈரமாக இருந்த விரிப்புகளை அக்கா இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி பட்ட இடமெல்லாம் ஆவி கிளம்பி அறை முழுக்கக் கஞ்சி வாடை. நான் கதவிலிருந்து நோட்டீஸைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனேன்.

"ஐயையோ, அதைக் கிழிக்கலாமா தம்பி?" என்று பாய்லர் பதறினார்.

"கிழிச்சா என்ன, தூக்குலயா போடப் போறாங்க? படி தம்பி. ஒரு வரி விடாமப் படி," என்றாள் அக்கா.

படித்தேன். ஆற்றோரத் தெரு மனிதர் வாழத் தகுதியற்ற வெள்ள அபாயப் பகுதி. எல்லோரும் முப்பது நாளில் வெளியேற வேண்டும். ஊரின் மறுகோடியில் ஐந்து மாடிக் கட்டடத்தில் ஆளுக்கொரு வீடு. ஆதாரம், இணைக்கப்பட்டுள்ள வரைபடம்.

"அஞ்சு மாடியா? அங்க ஆறு எத்தனாவது மாடியில ஓடுதாம்?"

"நக்கல் அப்புறம் அக்கா. நம்ம வீட்டுக்கு எவ்வளவு தண்ணி போட்டிருக்கான் பாருங்க. ஆறடி ரெண்டு அங்குலம்."

பாய்லர் சிரித்துவிட்டார். "ஆறடியா? முட்டியத் தாண்டலையே அன்னிக்கு."

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஏன் சிரிக்கிறீங்க? அந்த ஆறடி நான் சொன்னதுதான்."

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஆறு கரை மீறியது. அக்கா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து அப்போது நாலு மாதம். தண்ணீர் வடிந்த ஒரு வாரத்தில் கல்லூரியிலிருந்து ஓர் அம்மா அளவு நாடாவோடு வந்தார். வீடு வீடாக ஏறி, தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று கேட்டு, காட்டிய இடத்தில் சுவரில் நீலக்கோடு போட்டு, அளந்து எழுதிக்கொண்டார். நிவாரணம் கொடுக்கத்தான் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. இடுப்புக்கு மேல் தண்ணீர் வந்த வீட்டுக்குத்தான் தகரமும் அரிசியும் என்று எவனோ கிளப்பியும் விட்டான்.

"எங்க மாமியார் பின்னாடி நின்னு கிள்ளுறாங்க. இன்னும் தூக்குடி, கையை இன்னும் தூக்குன்னு. நான் நுனிக்கால்ல நின்னு காட்டினேன் தம்பி. பக்கத்து வீட்டுக்காரிக்கு அவ்வளவு துணிச்சல் இல்ல, நாலடியோட நிறுத்திட்டா. அந்தம்மா ஒண்ணுமே சொல்லல, பேசாம எழுதிக்கிச்சு. தகரமும் வரல, ஒரு மண்ணும் வரல."

"வந்தது நிவாரண ஆபீஸே இல்லையே," என்றார் பாய்லர்.

அதன் பிறகும் அந்த அம்மா பதினைந்து வருடம் வந்துகொண்டிருந்தார். தெரு அவருக்கு டேப்பம்மா என்று பெயர் வைத்தது. ஆற்றுப் படியில் உட்கார்ந்து இவர்கள் பேசுவதை எழுதுவார், இவர்கள் வீட்டில் சாப்பிடுவார், காய்ந்த விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து இழுத்து மடிக்கக்கூடக் கற்றுக்கொண்டார். நிலத்தைப் படிக்கிறவர்கள் ஆட்களைப் பார்ப்பதில்லை, ஆட்களைப் படிக்கிறவர்கள் நிலத்தைப் பார்ப்பதில்லை, இரண்டையும் சேர்த்துப் பார்த்த முதல் ஆள் இவர் என்று எங்கள் கல்லூரியில் சொல்வார்கள்.

"நானே ஒரு நாள் சொல்லிட்டேன், அம்மா, அன்னிக்குப் பொய் சொன்னேன்னு. தெரியும்னு சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்பத் தெரிஞ்சேதான் அந்தப் படத்தை விட்டு வச்சிருக்காங்க! நம்ம வீட்டுல கை நனைச்சுட்டு நம்ம வீட்டுக்கே உலை வச்சுட்டாங்களே தம்பி." அக்கா பெட்டியை எடுத்து அடுத்த விரிப்பில் அழுத்தினாள்.

மதியம் பாராட்டுரை வந்தது. புவியியல் துறையும் மானிடவியல் துறையும் சேர்ந்து டேப்பம்மாவுக்கு வாழ்நாள் கௌரவம் செய்கின்றன. தலைமை விருந்தினர், ஆற்றங்கரைகளை நிர்வகிக்கும் அரசாங்க ஆற்று ஆபீஸின் பெரிய அதிகாரி, அதாவது நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவர். பாராட்டுரையின் கடைசி வரி இது: 'இவர் வரைந்த வெள்ள வரைபடம் இன்றும் ஆற்றங்கரைத் திட்டங்களுக்கு அசைக்க முடியாத அடித்தளமாக விளங்குகிறது.'

விழாவை நடத்தும் புவியியல் துறைத்தலைவரிடம் போனேன். "சார், இந்தப் படத்தை வச்சுத்தான் எங்க தெருவைக் காலி பண்றாங்க. அந்த அளவெல்லாம் தப்பு சார். அது அம்மாவுக்கே தெரியுமாம்."

"அதெல்லாம் ஆற்று ஆபீஸ் விவகாரம். விழா நல்லபடியா நடக்கணும். நாலு மணிக்குள்ள அடிச்சுக் குடுங்க," என்றார்.

அடித்துக் கொடுத்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு அடித்திருந்தால் யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். எனக்குத் துணிச்சல் வரவில்லை, அதைப் பூசி மெழுக ஒன்றும் இல்லை.

சாயங்காலம் விழாவைப் பற்றிச் சொன்னதும் அக்கா பொங்கிவிட்டாள். "கேடயம் வேறயா? நம்ம கூரையப் பிரிச்சு அவங்களுக்குக் கேடயமா?"

"பொய் சொன்னது நாமதானே. அவங்க மேல பாய்ஞ்சு என்ன பண்ண?" என்றார் பாய்லர்.

"நீங்க வாயத் திறக்காதீங்க. முப்பது வருஷமா இந்த வீட்டுல ஆவியில வெந்தது நான். நாளைக்குக் காலையில அவங்க வீட்டுக்குப் போறேன். தம்பி, நீ வழி காட்டு."

மறுநாள் காலை போனோம். டேப்பம்மா மகள் வீட்டில் இருந்தார். எண்பதை நெருங்கும் வயது. இடுப்பில் அறுவை சிகிச்சையாகி ஊன்றுகோல். அறையில் கட்டிலைத் தவிர எல்லா இடத்திலும் காகிதம். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அட, பதினேழாம் நம்பர்! வா வா. எத்தனை வருஷம் ஆச்சு," என்றார்.

அக்கா உட்காரவில்லை. நோட்டீஸை நீட்டினாள். "உங்க படம்தானேம்மா இது?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "இது எப்ப ஒட்டினாங்க?"

"நேத்து. உங்களுக்குக் கேடயம் குடுக்கிறவருதான் ஒட்டச் சொன்னாராம்."

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது."

"தெரியலன்னா ஆச்சா? நான் பொய் சொன்னேன், ஒத்துக்கறேன். பத்தொன்பது வயசு, அரிசிக்காகச் சொன்னேன். நீங்க படிச்சவங்க. பொய்னு தெரிஞ்ச அன்னிக்கே அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டிருக்க வேண்டாமா?"

டேப்பம்மாவுக்கும் கோபம் வந்தது. ஊன்றுகோலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "என்ன பேசுறே நீ? தெரிஞ்சதை மூடி வச்சேனா நான்? படம் இருக்கிறது முதல் புத்தகத்துல, அது தப்புன்னுதானே ரெண்டாவது புத்தகம் முழுக்க. தண்ணி எங்கயும் மட்டமாத்தான் நிக்கும். பதினாறாம் நம்பருக்கும் உனக்கும் நடுவுல ஒத்தைச் சுவர். அங்க நாலடி, இங்க ஆறடி எப்படி? அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, இவங்க சொல்றது தண்ணியோட அளவு இல்ல, இவங்க கஷ்டத்தோட அளவுன்னு. அதுக்கப்புறம் நான் செஞ்ச வேலையெல்லாம் அங்கருந்து ஆரம்பிச்சதுதான். உண்மையான அளவையும் வீடு வீடா வந்து எடுத்துப் போட்டிருக்கேன். உன் வீட்டுக்கு ஒண்ணே முக்கால் அடி."

"அதை யாரு படிச்சா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒருத்தரும் படிக்கல போல இருக்கு. முதல் புத்தகத்துல எண் இருக்கிற பக்கத்தை மட்டும் கிழிச்சு எடுத்துக்கிட்டாங்க," என்றார். பிறகு மகளைக் கூப்பிட்டார். "போன் போட்டுச் சொல்லிடு. எனக்குக் கேடயமும் வேண்டாம், கீடயமும் வேண்டாம். நான் வரல."

"வராம இருந்தா?" அக்கா விடவில்லை. "நீங்க வரலன்னா வேற ஒருத்தரைக் கூப்பிட்டுக் குடுப்பாங்க. எங்க வீடு இடியறது நிக்குமா? நீங்க வரணும். அந்தாளு பக்கத்துல நின்னு இப்ப என்கிட்ட சொன்னதை மைக்குல சொல்லணும்."

"சொன்னா, உங்க தெருவே பொய் சொல்லுச்சுன்னு ஊரறியச் சொல்ற மாதிரி ஆகும். சம்மதமா? அதுவும் உங்களைக் கேக்காம நான் சொல்ல மாட்டேன்."

அக்கா தயங்கினாள். அதுவரை தயங்காதவள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். "கேட்டுட்டு வரேன்," என்றாள்.

அன்று பகலில் ஆற்றுப் படியில் அவள் எல்லோரிடமும் கேட்டாள். அலசிக்கொண்டிருந்த கைகள் நின்றன. "திருட்டுப் பட்டம் கட்டிடுவாங்கடி," என்றாள் பதினாறாம் நம்பர்க்காரி. "என் மாப்பிள்ளை வீட்டுல சிரிப்பாங்க," என்றார் ஒருவர். அக்கா முழங்காலளவு தண்ணீரில் நின்றபடி கத்தினாள். "சிரிக்கட்டும்! சொந்த வீட்டு வாசல்ல நின்னு சிரிப்பு வாங்கலாம். வாசலே போனப்புறம் மானத்தைக் கொண்டுபோய் எந்த மாடியில வைக்கிறது?" யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பதினாறாம் நம்பர்க்காரி மட்டும், "நாலடி சொன்ன என்னையும் ஆறடி சொன்ன உன்னையும் ஒண்ணா சேக்காதே," என்றாள். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள், சம்மதம் கிடைத்துவிட்டது.

விழா நடந்த நாளும் வெயில் இல்லை. மண்டபத்தில் முன்வரிசை முழுக்க ஆற்று ஆபீஸ் ஆட்கள். கடைசி இரண்டு வரிசையில் எங்கள் தெரு. கைகளில் சோடா தின்ற வெடிப்பு, உடம்பில் நல்ல புடவை. வாசலில் நின்ற காவலாளி இவர்களைச் சமையல் பக்கமாக அனுப்பப் பார்த்தார். நான் போய் அழைத்து வந்தேன். அந்த அளவுக்குத்தான் என் வீரம்.

முதலில் பாராட்டுரை, பிறகு கேடயம், பிறகு ஏற்புரை என்று நிகழ்ச்சிநிரல். டேப்பம்மா மேடை ஏறியதும் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "நான் முதல்ல பேசிடறேன். அப்புறம் குடுக்கணுமா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க."

பேசினார். பொய் அளவுகளைச் சொன்னார், அதைத் தான் கண்டுபிடித்ததைச் சொன்னார், சரியான அளவுகளை ஒவ்வொரு வீடாக வாசித்தார். கடைசிக் கோடியில் ஆறே ஆறு வீடுகளுக்குத்தான் நிஜமான அபாயம், அந்த ஆறு வீட்டுக்கும் இதே மேட்டில் இடம் இருக்கிறது என்றார். "நாற்பத்திரண்டு வீட்டைக் காலி பண்ண என் பேரை ஆதாரமாப் போட்டிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அதிகாரி புன்னகையோடு எழுந்தார். கோபப்படத் தெரியாதவர் போல இருந்தார், அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. "அம்மா மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஒரே ஒரு சந்தேகம். அன்னிக்கு அரிசிக்காகத் தலைக்கு மேல தண்ணின்னாங்க. இன்னிக்கு வீட்டுக்காக முழங்கால்னு சொல்றாங்க. எதை நம்பறது?"

முன்வரிசை சிரித்தது. கடைசி வரிசை தலையைக் குனிந்துகொண்டது. நான் பார்த்தேன், பாய்லர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதையும் நம்பாதீங்க," என்றார் டேப்பம்மா. "ஒத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஆறடி, அந்தப் பக்கம் நாலடின்னு உங்க நோட்டீஸ்லயே இருக்கு. தண்ணி அப்படி நிக்குமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். சந்தேகமா இருந்தா நேர்ல போய்ப் பாருங்க. இங்கருந்து நடந்தா இருபது நிமிஷம். இத்தனை வருஷத்துல ஒரு தடவை போயிருக்கீங்களா?"

"அப்ப உங்க படம் தப்புன்னு நீங்களே சொல்றீங்க. தப்பான படத்துக்கா கேடயம்?"

"ஆமா, தப்பு. தப்புன்னு தெரிஞ்சு, ஏன் தப்புன்னு போய்க் கேட்டேன் பாருங்க, அதான் என் படிப்பு. அதுக்குக் குடுக்கிறதா இருந்தா குடுங்க."

ஒரு நிமிடம் ஏதோ நடக்கப்போகிறது என்று நான்கூட நம்பினேன். துறைத்தலைவர் தொகுப்பாளரைப் பார்த்துக் கையசைத்தார். தொகுப்பாளர் மைக்குக்கு வந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, நான் அடித்துக் கொடுத்த பாராட்டுரையை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். அசைக்க முடியாத அடித்தளம் வரைக்கும் வாசித்தார். கைதட்டினார்கள்.

"அந்தக் கடைசி வரியை அடிச்சுட்டுக் குடுங்க, வாங்கிக்கறேன்," என்றார் டேப்பம்மா.

"பிரேம் போட்டாச்சு அம்மா," என்றார் துறைத்தலைவர்.

"படத்துல நான் போட்ட கோட்டை நான் அழிக்கக்கூடாதா?"

அதற்கும் அதிகாரி பதில் வைத்திருந்தார். "படம் இப்ப ஆபீஸ் ஆவணம் அம்மா. அதுல கை வைக்க யாருக்கும் அதிகாரம் இல்ல. வேணும்னா மனு குடுங்க, பரிசீலிக்கிறோம்."

டேப்பம்மா ஊன்றுகோலைத் தேடினார். அக்கா கடைசி வரிசையிலிருந்து எழுந்து நடுவழியாக நடந்து போய், மேடை ஏறி, அவர் கையைப் பிடித்து இறக்கிக் கொண்டுவந்தாள். கேடயம் மேசையிலேயே கிடந்தது. வெளியே வந்ததும் டேப்பம்மா, "தோத்துட்டேன்மா," என்றார். "நீங்க தோக்கல. அவன் கேக்கல. ரெண்டும் வேற வேற," என்றாள் அக்கா.

மறுநாள் வெயில் வந்தது. மேட்டில் விரிப்புகள் காய்ந்தன. அக்கா ஆஸ்பத்திரி, லாட்ஜ் மூட்டைகளை வண்டியில் ஏற்றி அனுப்பினாள். ஒரு மூட்டையை முன்னறையிலேயே ஒதுக்கி வைத்தாள். அது ஆற்று ஆபீஸின் விருந்தினர் விடுதித் துணி. தெருவில் மற்ற வீடுகளிலும் அந்த ஆபீஸ் துணியை மட்டும் இதுபோல ஒதுக்கியிருந்தார்கள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை அவளுக்குப் போன் வந்தது. கையில் சூடான பெட்டி இருந்ததால் போனை என்னைப் பிடிக்கச் சொல்லி, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அந்தப் பக்கம் விடுதி மேலாளர். இன்று மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து தங்குகிறார்கள், பெரிய அதிகாரிதான் முன்னின்று கவனிக்கிறார், கட்டிலில் விரிக்க ஒரு துணி இல்லை, ஊரில் வேறு யாரிடமும் கிடைக்கவில்லை என்று கதறினார்.

"துணிக்கென்ன? வெளுத்தாச்சு, கஞ்சி போட்டாச்சு, தேச்சு மடிச்சாச்சு. ஒரு சுருக்கம் இருக்காது," என்றாள் அக்கா.

"அப்ப வண்டியில ஏத்தி அனுப்பும்மா!"

"அதெப்படி? மனுஷங்க வாழத் தகுதியில்லாத எடம்னு கதவுல ஒட்டியிருக்கே. இங்கருந்து வண்டி கிளம்பி, வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

"ஏம்மா விளையாடறே? அதிகாரி என் உசுரை எடுப்பாரு. நான் ஆள் அனுப்பறேன்."

"ஆளுகிட்ட குடுக்க மாட்டோம்."

"பின்ன என்னதான் பண்ணணுங்கிறே?"

பாய்லர் பின்கட்டு வாசலில் வந்து நின்றார். வேண்டாம் என்று சைகை காட்டுவார் என்று நினைத்தேன். காட்டவில்லை. நல்லா கேளு என்பதுபோலத் தாடையை ஆட்டினார்.

அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்த போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"உங்க ஐயாவையே வரச் சொல்லுங்க. நடந்து வரச் சொல்லுங்க, இருபது நிமிஷம்தான். பதினாறாம் நம்பர்ல பாதித் துணி இருக்கு, பதினேழுல பாதித் துணி இருக்கு. ரெண்டு வீட்டுக்குள்ளயும் ஏறி, அவரு கையாலயே எடுத்துட்டுப் போகட்டும்."